பாய் கடை விஷயமாக அப்பாவுக்கு

உட்ரெக்ட்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, சின்னவள் மூவரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி வீட்டார், மேலவீதி அத்தை எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னால், நான் சொல்வதில் பாதியை அவரே விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறார். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பொங்கல் கழித்து நம் வாசல் கடையின் சாவியைத் தந்துவிடுவதாக சைக்கிள் கடை பாய் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். அட்வான்ஸ், தம்பியின் யோசனை, என் கையெழுத்து எல்லாம் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் படித்தேன். அதற்கெல்லாம் பதில் கீழே எழுதுகிறேன்.

குளிர் எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாராம். குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் அப்பா, காற்றைத்தான் தாங்க முடியவில்லை. இந்த ஊரில் மலையும் இல்லை, மேடும் இல்லை. கடலில் கிளம்புகிற காற்று தடையே இல்லாமல் வந்து முகத்தில் அடிக்கிறது. மழையும் அதோடு சேர்ந்து பக்கவாட்டில் பெய்கிறது, குடை பிடித்துப் பயனில்லை. இப்போது நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆனாலும் யாரும் சைக்கிளை விடுவதில்லை. கைக்குழந்தைக்காரி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று உட்காரவைத்துக்கொண்டு மழையில் போகிறாள். இந்த நாட்டு ஜனத்தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள்கள் அதைவிட அதிகம். எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குக் கீழே மூன்று தளத்தில் சைக்கிள் நிறுத்துமிடம் இருக்கிறது. 12,500 சைக்கிள் நிற்கும். உள்ளேயே ஓட்டிக்கொண்டு போகலாம், முதல் 24 மணி நேரத்துக்குக் காசு கிடையாது. பாயைக் கூட்டிவந்து அதை ஒருமுறை காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சுரிநாம்காரர்கள் கடையில் பாகற்காய், காராமணி எல்லாம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய பீகார், உத்தரப் பிரதேசக்காரர்களின் வாரிசுகள் அவர்கள். ஈழத்துக்காரர் கடையில் முருங்கைக்காயும் வரும். அதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன், நம் கொல்லை மரத்துக் காய் ருசி அதில் வராது. சின்னவள் மத்தியானத்துக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூளைத் தூவித்தான் கேட்கிறாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். ராத்திரி ரசம் சோறு பிசைந்து கொடுத்தால் இன்னும் நம் பிள்ளையாகச் சாப்பிடுகிறாள்.

மாப்பிள்ளைக்கு ஆபீசில் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்க வேண்டியிருக்கிறது. இடையில் கிடைத்த ஓய்வு அவர் உடம்புக்கும் நல்லதுதான். நான் காலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போய்வருகிறேன். வீட்டிலேயே இருந்தால் எனக்குப் பொழுது போவதில்லை. நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எண்பது வயது தாண்டியவர், தனியாக இருக்கிறார். தெருவில் யார் சைக்கிளில் பின்விளக்கு எரியாவிட்டாலும் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. விளக்கில்லாமல் இருட்டில் போனால் இங்கே அபராதம் உண்டு, ஆனால் அவருடைய கவலை அபராதம் இல்லை. 1971-இல் இந்த நாட்டுச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்களாம், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். தாய்தகப்பன்மார் தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அந்த ஞாயிறுகளில் பெரிய நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டியதைச் சொல்லும்போது தாத்தாவின் குரலே மாறிவிடும். இப்போது நான் போய்வருகிற சிவப்பு நிற சைக்கிள் பாதையெல்லாம் அதற்குப் பிறகு கேட்டு வாங்கியதுதான். போன கோடையில் பேத்தி பரீட்சையில் பாஸானதற்கு, மாடிச் சன்னலில் கொடியேற்றி அதன் கம்பத்தில் பள்ளிக்கூடப் பையைக் கட்டித் தொங்கவிட்டார். ஊர் வழக்கமாம். வாத்தியாராக நீங்கள் பார்த்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

இதைச் சொல்லியே ஆகவேண்டும். போன மாதம் காலையில் வேலைக்குக் கிளம்பினால் பின்டயரில் காற்றில்லை. இங்கே கடையில் பஞ்சர் ஒட்ட 15 யூரோவுக்குக் குறையாது, போக மனம் வரவில்லை. தாத்தா பார்த்துவிட்டுத் தன் கொட்டகையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். வீலைக் கழற்றவில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்தார். வால்வைப் பார்த்தேன், நம் ஊர் சைக்கிளில் இருக்கிற அதே வகைதான், ரப்பர் வால்டியூப் மட்டும் இல்லை. அவர் கேட்பதற்கு முன்பே நான் போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். டியூபை முக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஓரிடத்தில் சின்னச் சின்னதாகக் குமிழி வந்தது. துடைத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு சொலூஷன் டியூபின் மூடியைத் திறந்தார் அப்பா. அந்த வாசனை வந்ததும் எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லி உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம் வீட்டு வாசலில் இருபத்துநாலு மணி நேரமும் இருந்த வாசனை அது. அப்பத்தா அதற்காகவே சாயங்காலம் சாம்பிராணி போடுவார். பாய் சொலூஷனைத் தடவிவிட்டு உடனே ஒட்டமாட்டார். வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதி, விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். பசை விரலில் ஒட்டாமல் இழுக்கிற பதம் வந்ததும்தான் பழைய டியூபில் வெட்டிய ஒட்டை வைத்துச் சுத்தியால் தட்டுவார். "அவசரப்பட்டு ஒட்டுனா அரண்மனை தாண்டாது பாப்பா" என்பார். அவர் ஒட்டிய இடத்தில் மறுபடி காற்று போய் நான் பார்த்ததில்லை. ராத்திரியில் லைட்டைப் போட்டுக்கொண்டு வீல் பெண்டு எடுப்பார். வீலைச் சுற்றிவிட்டு ரிம்மின் ஓரத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே வெள்ளை விழுகிறதோ அங்கே கம்பியை அரைத் திருகு முறுக்குவார். மறுபடி சுற்றுவார். அந்தக் கிர்ர் சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்கினோம்.

மட்கார்டில் நம்பர் எழுதிய வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். மணிக்கு ஒரு ரூபாய். நீள நோட்டில் நம்பர், எடுத்த நேரம், "இன்னார் மகன்" என்று மட்டும் எழுதுவார். முன்பணம் கேட்கமாட்டார். பையன்கள் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முட்டியைப் பேர்த்துக்கொண்டு, ஹேண்டில்பாரைக் கோணலாக்கிக்கொண்டு வருவார்கள். பாய் முதலில் முட்டியைத்தான் பார்ப்பார். சைக்கிளை அப்புறம் பார்ப்பார். ஆயுத பூஜையன்று யாரும் கேட்காமலே ஸ்பேனர், பம்பு, சுத்தி எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் அடுக்கி, கடைப் பையனிடம் சந்தனமும் பொரிகடலைக்குக் காசும் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதப் போகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த சமயத்தில் நீங்கள் சாயங்காலம் ஆனால் கல்குவாரிப் பெண்களுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பிவிடுவீர்கள். நம் புதுக்கோட்டை கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களெல்லாம் சைக்கிள் கற்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அம்மா முகாமுக்குப் போய் மூன்றே நாளில் கற்றுக்கொண்டார் என்று நீங்கள் இன்றும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறீர்கள். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்துப் பின்பக்கப் பொட்டலில் பாய்தான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்பத்தாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அப்பத்தா கோயிலுக்குப் போனதும் நானும் அம்மாவும் பின்வாசல் வழியாகப் போவோம். கடைப் பையன் முன்பே சைக்கிளை அங்கே கொண்டுபோய் வைத்திருப்பான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, ஜென்ட்ஸ் வண்டிதான். சீட்டை அடிவரை இறக்கி வைத்திருப்பார் பாய். அவர் பக்கத்தில் வரமாட்டார், சைக்கிளைத் தொடவும் மாட்டார். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வேலை. நான் அப்போது ராணியார் பள்ளியில் ஆறாவது. பாய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே, "கீழ பாக்காதீங்கம்மா, தூரத்துல பாருங்க, பாப்பா புடிச்சிருக்கு" என்று குரல் கொடுப்பார். நான் விட்டு வெகுநேரம் ஆன பிறகும் "பாப்பா புடிச்சிருக்கு" என்றுதான் சொன்னார். அம்மா பொட்டலைச் சுற்றி வந்து என்னைக் கடந்து போனபோது அவர் முகத்தை நான்தான் பார்த்தேன்.

அந்த மணிக்கணக்கு எதுவும் நோட்டில் ஏறவில்லை. அம்மா கொண்டுபோய்க் கொடுத்த காசையும் வாங்கவில்லை. அந்த வருஷம் மகளிர் தினத்தை ஒட்டிக் கொடி கட்டிய சைக்கிள்களில் பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்களே, அப்போது அம்மா இரண்டாவது வரிசையில் வந்தார். நீங்கள் மேடை ஏற்பாட்டில் இருந்தீர்கள். பாய் கடையை அடைத்துவிட்டுக் காற்றடிக்கும் பம்போடு ஊர்வலத்தின் பின்னாலேயே நடந்தார், யார் டயராவது இறங்கிவிடுமோ என்று. இங்கே பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். எத்தனை பெண்கள், எந்த வருஷம், எந்த சைக்கிள் என்று துருவித் துருவிக் கேட்டார். குழந்தையை முன்கம்பியில் உட்காரவைக்கலாம் என்பதால் நம் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள் என்றதும் எழுந்துவந்து என் கையைக் குலுக்கினார்.

பிறகு அரசாங்கம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதும் வாடகைத் தொழில் போய்விட்டது. பாய் அதற்கு வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. "எல்லாப் புள்ளைக்கும் வண்டி வந்துருச்சுல்ல" என்று சொல்லி, புது வண்டிகளுக்கு நட்டு முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது, தம்பி போய் பாயிடம் எந்தத் தேதியையும் சொல்ல வேண்டாம். செல்போன் கடைக்காரர் எத்தனை வாடகை தருவதாகச் சொன்னாலும் சித்திரை வரை பொறுக்கட்டும். பாய் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவராகச் சாமானைப் பிரித்து, யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய நாளாகும். ஸ்பேனர் செட்டைக் கடைப் பையனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு, எனக்குத் தெரியும். பழைய இரும்புக்காரனை யாரும் வாசலுக்குக் கூப்பிட வேண்டாம்.

இரண்டாவது, 1981-இல் தந்த அட்வான்ஸ் 500 ரூபாய்தானே, அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று தம்பி சொல்வது கணக்குப்படி சரியாக இருக்கலாம். நியாயப்படி சரியில்லை. அந்தக் காலத்து 500 ரூபாய் உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். 50,000 ரூபாயாவது கையில் கொடுக்க வேண்டும். இடத்தை விற்கும்போது என் பங்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கவரை நீங்களே கொண்டுபோங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

மூன்றாவது, என் பங்கு. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் பின்பக்கத்து மனைக்கு நல்ல விலை வந்து விற்பதாக முடிவானால் தை மாதமே பத்திரம் முடிந்துவிட்டால் நல்லது. கடை அறையைத் தொட வேண்டாம், மனை மட்டும் போதும். பவர் பத்திரத்துக்கு நான் தி ஹேக்கில் இருக்கும் நம் தூதரகத்துக்குப் போக வேண்டும், நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். வக்கீலிடம் பத்திர வரைவை இந்த வாரமே எழுதச் சொல்லி தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். சர்வே எண்ணை இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள், போனமுறை போலத் தப்பாக வந்தால் எனக்கு மறுபடி லீவு கிடைக்காது.

இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்ப முடியாமல் இருக்கும். பேங்க் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விட அத்தையை வந்து ஒரு வாரம் இருக்கச் சொல்லுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வடகாட்டுச் சித்தப்பா கஜா புயலுக்குப் பிறகு வைத்த பலாக்கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டனவா என்று எழுதுங்கள். சின்னவள் தாத்தாவுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன்.

பாயிடம் பாப்பா கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் மகன் துபாயிலிருந்து எப்போது வருகிறான் என்றும் கேட்டு எழுதுங்கள். அவன் வருவதற்கு முன் அந்தக் கவர் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
பாப்பா