துடி அடிக்கும் தாத்தாவுக்கு ஒரு பீரியட்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். போன மாதம் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கில் 'பழங்குடி நடனம்' என்றார்கள். பச்சை சாட்டின் துணியை இலை மாதிரி வெட்டி இடுப்பில் கட்டி, முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, பணியர் சமூகத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். நல்ல கைதட்டல். அதில் ஒரு பிள்ளையின் தாத்தா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். துடி என்கிற தோல் மேளம் அடிப்பதில் கைதேர்ந்தவர். பாடி என்று சொல்லும் அவர்கள் குடியிருப்பில் கல்யாணமோ சாவோ, அவர் துடியும் இன்னொருவரின் குழலும் இல்லாமல் நடக்காது. ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "டீச்சர், இது எந்த ஊர் ஆட்டம்?" என்றார். கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் வகுப்பில் ஒரு காட்டுநாயக்கர் பையன் இருந்தான். வீட்டில் அவன் பேசியது கன்னடச் சாயலுள்ள அவர்கள் பாஷை, நான் கேள்வி கேட்டது தமிழில். வாயே திறக்க மாட்டான். ரிப்போர்ட்டில் 'மந்தம்' என்று எழுதினேன். ஜூன் மாதம் பாதி நாள் வர மாட்டான், அதற்கும் சிவப்பு மை. ஒருநாள் தேனீ பற்றிப் பாடம் நடத்தினேன். புத்தகத்தில் ஒரு பெட்டியும் ஒரு தேனீயும்தான் படம். அவன் எழுந்து நாலு விரலைக் காட்டினான். பாறையில் அடை கட்டுவது, மரப்பொந்தில் கட்டுவது, புதர்க் கொம்பில் சின்னதாகத் தொங்குவது, கொட்டாத கொசுத்தேனீ. பாதி தமிழ், பாதி கைஜாடை. பாறைத்தேனுக்கு இருட்டிய பிறகுதான் இறங்குவார்களாம், மேலே கயிறு மைத்துனன் கையில்தான் இருக்க வேண்டுமாம். பி.எட். படித்த எனக்கு அன்றைக்கு வரை ஒரே தேனீதான்! ஜூனில் அவன் எங்கே போனான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. 'மந்தம்' என்று எழுதிய தாள் அதற்குள் ஆபீஸுக்குப் போயிருந்தது.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்குக் கூடலூரிலேயே வித்யோதயா பள்ளி இருக்கிறது. பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர், இருளர் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அந்தச் சமூகங்களிலிருந்தே ஆசிரியர்களும் வருகிறார்கள். ஒடிசாவில் 21 பழங்குடி மொழிகளில் அரசே தொடக்க வகுப்புப் பாடங்களைக் கொண்டுவந்திருக்கிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் 350-ஏ பிரிவு 1956-லேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், நம் பழங்குடியினரிடம் 54.

"எங்க பாஷை எதுக்கு டீச்சர், பஸ் போர்டு படிச்சாப் போதும்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னதுண்டு. அவர் சொன்னதில் தப்பில்லை. தமிழும் இங்கிலீஷும் கட்டாயம் வேண்டும். ஆனால் முதல் இரண்டு வருஷம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை பஸ் போர்டு வரைக்கும் வருவதே இல்லை.

பழங்குடியினர் நலத்துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு உண்டு உறைவிடப் பள்ளியிலும் வாரத்தில் ஒரு மதியம், அந்தந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். பாட்டு, கதை, கிழங்கு, தேன், துடி, அவருக்கு எது தெரியுமோ அதை அவர் பாஷையிலேயே சொல்லட்டும். சர்டிபிகேட் கேட்காதீர்கள். ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிடவும் வேண்டாம்.

அந்தத் தாத்தாவின் துடிக்குத் தோல் மாற்ற வேண்டுமாம். பச்சை சாட்டின் வாங்கிய காசில் அதைச் செய்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.