கேக்காம பைலை தூக்குற ஆன்டிவைரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துல 14 வருஷமா டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாண பத்திரிகை, அஞ்சலி போஸ்டர், வக்கீல் ஆபீஸ் டைப்பிங் எல்லாம் பண்றோம். கடையில உள்ள 3 கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் காசு கட்டி ஆன்டிவைரஸ் போடறேன். கஸ்டமர் எல்லாம் பென்டிரைவோட தான் வர்றாங்க, ஒண்ணுல ஷார்ட்கட் வைரஸ் இருந்தா மூணு மிஷினும் போச்சு, அதனால ஆன்டிவைரஸே வேணாம்னு நான் சொல்ல வரல.

போன மாசம் அது தானா புது வெர்ஷனுக்கு மாறிடுச்சு. மறுநாள் காலையில கடையை தொறந்தா தமிழ் டைப் ஆகல, எந்த கீயை அழுத்துனாலும் இங்கிலீஷ் தான் வருது. கீபோர்டை மாத்தி பாத்தேன், ரீஸ்டார்ட் பண்ணேன், தமிழ் டைப்பிங் சாப்ட்வேரை திரும்ப இன்ஸ்டால் பண்ணா கண்ணு முன்னாடியே ஐக்கான் மறையுது. ஒன்றரை மணி நேரம் கழிச்சு தான் தெரிஞ்சது, ஆன்டிவைரஸ் அதை குவாரன்டைன்ல, அதாவது சந்தேகப்பட்ட பைலை தனியா பூட்டி வைக்கற இடத்துல, தூக்கி போட்டிருக்கு. நாம அழுத்துற கீயை நடுவுல புடிச்சு தமிழ் எழுத்தா மாத்தறது தான் அந்த சாப்ட்வேரோட வேலையே, பாஸ்வேர்டு திருடற கீலாகரும் அப்படித்தான் கீயை புடிக்கும், அதனால சந்தேகப்படறதுல தப்பில்ல. அதுக்காகத்தான் இதையெல்லாம் தொடாதன்னு ஆன்டிவைரஸுக்கு சொல்ற எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ல அதை சேத்து வச்சிருந்தேன், அப்டேட்ல அந்த லிஸ்ட்டே காலி. முன்ன ஒரு பைல் மேல சந்தேகம் வந்தா என்ன பண்ணலாம்னு கேக்கும், இப்ப கேக்கறதே இல்ல.

அன்னைக்கு காலையில அப்பாவை இழந்த ஒருத்தர் அஞ்சலி போஸ்டருக்கு வந்து நின்னாரு, சாயங்காலம் எடுக்கறதுக்குள்ள ஒட்டணும்னாரு. என்னால முடியல, வேற கடைக்கு அனுப்பி வச்சேன். அது இன்னும் மனசை அறுக்குது.

மெக்கஃபிங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி 2010 ஏப்ரல்ல விட்ட ஒரு அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த பைலையே வைரஸ்னு எடுத்து உலகம் பூரா ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் முடங்குச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் பைலை தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறாங்க, ஆனா விபிஎன் வாங்கு, கிளீனர் வாங்குன்னு மட்டும் நாளைக்கு நாலு தடவை செவப்பு கலர்ல பெட்டி வருது, உங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்குன்னு பயமுறுத்துது, எங்க கடை பையன் பயந்துபோய் பணம் கட்ட போயிட்டான். ஆட்டோ ரெனிவலை நிறுத்தற பட்டன் எங்கன்னு தேடி கண்டுபிடிக்கவே அரை நாள் ஆச்சு.

இந்த மாதிரி நச்சரிக்கறது, சந்தாவுல சிக்க வைக்கறது எல்லாம் தப்புன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு, 13 வகையான ஏமாத்து வேலையை அதுல பட்டியல் போட்டு தடை பண்ணியிருக்காங்க. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் குடுக்கலாம்னு எங்க தெருவுல யாருக்கும் தெரியல. உங்க பேப்பர்ல இதை பெருசா எழுதுங்க சார், அப்டேட் பண்ணா நாங்க வச்ச செட்டிங்கை அப்படியே விடணும், எதை எடுக்கறதா இருந்தாலும் எங்களை கேட்டுட்டு எடுக்கணும்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர்,
கும்பகோணம்