வடசென்னையில் விமானம் கட்டக் கிளம்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்து லேத், வெல்டிங், ஃபைபர் பட்டறைகளில் இரண்டு சீட்டு விமானம் கட்டத் திட்டம் போட்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

உங்கள் கைவேலையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பயமெல்லாம், கேட்ட சாமான் கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடும் கெட்டிக்காரத்தனத்தின் மேல்தான். லாரியிலும் படகிலும் அது காரியத்தை ஓட்டிவிடும். விமானத்தில் அது எங்கெங்கே காலை வாரும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

போல்ட்டில் ஆரம்பிக்கலாம். வரைபடத்தில் ஏ.என்.3 என்று போட்டிருக்கும், விமானத்துக்கென்றே உள்ள அமெரிக்க அளவுப் போல்ட் அது. அதன் விட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. பாரிமுனையில் அது கிடைக்காது. கடைக்காரர் 5 மி.மீ. 8.8 ஹைடென்சில் போல்ட்டை எடுத்து நீட்டுவார். இழுவிசையைப் பார்த்தால் அது 800 மெகாபாஸ்கல் தாங்கும், ஏ.என். போல்ட் 860 தாங்கும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். சிக்கல் அந்த எண்ணில் இல்லை. கடை போல்ட்டில் பெரும்பாலும் மரை தலை வரைக்கும் ஏறியிருக்கும். அந்த மரை தகட்டு ஓட்டைக்குள் உட்கார்ந்தால், ஒவ்வொரு அதிர்வுக்கும் ஓட்டையை அரம்போல ராவும். திரும்பத் திரும்ப விசை பட்டு வரும் களைப்பு விரிசல் பிடிப்பதும் மரைப் பள்ளத்தில்தான். ஏ.என். போல்ட்டில் ஓட்டைக்குள் நிற்பது வழவழப்பான தண்டு மட்டுமே. அதனால் தகடுகளின் மொத்தக் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் வாங்க வேண்டும். முறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே ஒன்றிலிருந்து மூன்று மரை தெரிந்தால் சரி. போதாததற்கு, 5 மி.மீ. போல்ட்டுக்காக ஓட்டையைப் பெரிதாக்கினால் தகட்டின் ஓரத்திலிருந்து இருக்க வேண்டிய தூரமும் குறைந்துபோகும்.

முறுக்குவதும் அப்படித்தான். ஏ.என்.3க்கு 20 முதல் 25 அங்குலப் பவுண்டு. அரை அடி ஸ்பேனரின் நுனியில் இரண்டு கிலோவுக்கும் குறைவான அழுத்தம் அது. லாரி சக்கரம் கழற்றிப் பழகிய கை இதைத் தெரியாமலே தாண்டிவிடும். அங்குலப் பவுண்டில் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். நைலான் வளையம் வைத்த நட்டை எஞ்சின் அறையில் போடாதீர்கள், 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நைலான் பிடியை விட்டுவிடும். ஆடும், சுழலும் மூட்டுகளிலும் அது கூடாது. அங்கே பள்ளம் வெட்டிய நட்டும், அது கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னும்தான்.

ரிவெட்டுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். விட்டம் 1/8 அங்குலம், அதாவது 3.2 மி.மீ. என்றால், அடித்த பிறகு உருவாகும் தலை 4.8 அகலமும் 1.6 உயரமும் இருக்க வேண்டும். ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டு ஓரம் 6.4க்குக் குறையக் கூடாது. துளைத்ததும் இரண்டு பக்கமும் பிசிறு எடுங்கள். எடுக்காமல் அடித்தால் தகடுகளுக்கு நடுவே ரிவெட் புடைத்து இடைவெளி விழும். தலை கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். பிடுங்கும்போது ஓட்டை நீள்வட்டமாகிவிட்டால் முன்பிருந்ததைவிட மோசம். கடையில் கிடைக்கும் சாதா பாப் ரிவெட்டை மட்டும் சிறகுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வெல்டிங்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்துப் பழகிய கைகள் இங்கே நிறைய உண்டு, நல்ல கைகள். ஆனால் 6061-டி6 அலுமினியத்துக்கு வலிமை வருவதே உலையில் செய்த பதத்தால்தான். டிக் வெல்டிங் எவ்வளவு அழகாக விழுந்தாலும், சூடு பட்ட ஓரத்தில் பதம் இறங்கி வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சிறகின் முதுகெலும்பான ஸ்பாரில் வெல்டிங்கே வேண்டாம். 4130 குரோமோலி எஃகுக் குழாயில் தாராளமாகப் பற்றவையுங்கள், ஆனால் தண்ணீரில் நனைத்து ஆற்றாதீர்கள், உடையும்.

அடுத்தது காசிமேட்டு ஃபைபர் வேலை. படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசினும், துண்டு துண்டாக வெட்டிய கண்ணாடி இழை விரிப்பான வெட்டு மேட்டும். அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் 1970களில் வாரிஈஸ் விமானத்தில் பரப்பிய முறையில் நுரைக் கட்டையை இறக்கை வடிவில் சூட்டுக் கம்பியால் அறுத்து, அதன்மேல் நெய்த கண்ணாடி இழைத் துணியை எபாக்சி என்ற வேறு வகை ரெசினில் ஒட்டுவார்கள். அந்த நுரை பாலிஸ்டைரீன், நம் தெர்மாகோல் வகையறா. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். எபாக்சி வாங்கினாலும் படகுப் பழக்கம் விடாது. மழை நாளில் சீக்கிரம் இறுகட்டும் என்று படகுக்காரர் கேட்டலிஸ்ட்டைக் கூட்டுவார். எபாக்சியில் அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூட்டினால் இறுகாது. மிச்ச ஹார்டனர் உள்ளேயே கிடந்து மெதுமெதுவென்று இருக்கும். தராசில் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரக் காற்றின் ஈரத்தில் எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் அடுத்த துணியை வைத்தால் இரண்டும் ஒட்டாது. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பெயிண்ட் வெள்ளைதான். அறைச் சூட்டில் இறுகும் எபாக்சி பல, 60 முதல் 80 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். கறுப்போ கருநீலமோ அடித்த சிறகை சித்திரை வெயிலில் நிறுத்திவைத்தால் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

பெட்ரோல் விஷயத்தில்தான் எங்களுக்கு உள்ளூர நடுக்கம். சின்ன விமானங்களில் பரவலாகப் போடும் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதக் கலப்பு. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டேங்க் ஃபைபரில் செய்ததென்றால் ரெசினையும் பதம்பார்க்கும். சோதிக்க ஒரு கண்ணாடி அளவுக்குழாய் போதும். 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல் விட்டுக் குலுக்கி வைத்துவிட்டு, அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீரின் மட்டத்தைப் பாருங்கள். எத்தனால் இல்லையென்றால் 10லேயே நிற்கும், 10 சதவீதக் கலப்பு என்றால் 19 பக்கம் வரும், 20 சதவீதம் என்றால் 28 பக்கம் ஏறிவிடும். அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் கிடைத்தால் அதை ஊற்றலாம். அதில் இருக்கும் ஈயம் படிவதால் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும்.

அந்த எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பில் குழாய் வழியே அதில் 125 சதவீதம் ஓட வேண்டும், மேலிருந்து தானாக இறங்கும் அமைப்பென்றால் 150. மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கிக் கட்டி, டேங்கில் கொஞ்சமே எரிபொருள் வைத்து, கார்புரேட்டர் முனைக் குழாயைக் கழற்றி ஜாடியில் பிடியுங்கள். நிமிடத்துக்கு 560 மி.லி.க்குக் குறைந்தால் (தானாக இறங்குவதில் 675) பறக்கப் போகாதீர்கள். காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் டேங்கின் காற்றுக் குழாயில் குளவி கட்டிய மண்ணோ, வடிகட்டியில் சிக்கிய சீலன்ட் துணுக்கோ இருக்கும்.

எண்ணூர் உப்புக் காற்றின் அரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஜன்னல் கம்பியே சொல்லும். ரிவெட் அடிப்பதற்கு முன்பே தகடுகளின் உட்பக்கங்களுக்கு அரிப்பைத் தடுக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். அடித்த பிறகு அங்கே கை போகாது.

பெயிண்ட் முடிந்ததும், சிறகின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலரானையும் வாலின் அசையும் பாகங்களையும் மறுபடி எடைச் சமன் பாருங்கள். பின்விளிம்பில் ஏறிய பெயிண்ட் எடை போதும், வேகத்தில் அவை படபடத்துப் பிய்த்துக்கொள்ள. விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை இடதுபக்கம் சாய்த்தால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும். கேபிளை மாற்றிப் பூட்டி உயிரை விட்டவர்கள் தொழில்முறை மெக்கானிக்குகளிலேயே உண்டு. ஆகவே கட்டியவர் தவிர வேறு ஒருவர் பார்க்காமல் எந்தத் தகட்டையும் மூடாதீர்கள். விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரைப் பிடித்து, காசு கொடுத்தாவது வரவழையுங்கள்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு சீட்டு விமானம் கட்டிய அமோல் யாதவ் தொழில்முறை பைலட். 2016இல் அதைக் காட்சிக்கு வைத்தார். பதிவு 2017இல், பறந்து பார்க்க அனுமதி 2019இல் கிடைத்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் வந்துவிட்டாலும், பதிவும் அனுமதியும் இல்லாமல் தரையைவிட்டு எழும்பக் கூடாது என்பதில் மாற்றமில்லை. முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதுங்கள். பில், பேட்ச் எண், தேதி போட்ட படங்கள், அன்றாடக் குறிப்பு நோட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். சோழவரத்துப் பழைய ஓடுதளம் பக்கத்தில்தானே, சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். அது ராணுவ நிலம்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்துக்குப் பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு என்று விதி இருக்கிறது. அது முடியும்வரை ஓட்டத் தேவையானவர் மட்டுமே ஏறலாம். இங்கேயும் அதையே கடைப்பிடியுங்கள். அதே ரக விமானத்தில் பழகிய பைலட் ஒருவர், பாதி டேங்குக்கு மேல் எரிபொருள், காலை முதல் வெளிச்சத்தில் காற்று அடங்கியிருக்கும் நேரம், எஞ்சின் நின்றாலும் ஓடுதளத்துக்கே சறுக்கி இறங்கக்கூடிய தூரம். பக்கத்து சீட்டில் பணம் போட்ட மச்சானை உட்கார வைக்காதீர்கள், எவ்வளவு கோபித்துக்கொண்டாலும்.