சாப்பாட்டு நேரத்துப் பூனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரிப் பக்கம் பூனை இல்லாத தெரு இல்லை. ராத்திரி களியும் கருவாட்டுக் குழம்புமாகத் தட்டு வைத்ததும் காலைச் சுற்றிக் கத்தும், தொடையில் நகம் பதிக்கும். விரட்டுவோம், பிறகு பாவம் பார்த்து ஒரு துண்டு போடுவோம். அந்தத் துண்டுதான் தப்பு. பத்து முறை கத்தி ஒரு முறை கிடைத்தாலும் போதும், பழக்கம் வேர்விட்டுவிடும்.

நாம் உட்காரக் கால் மணி நேரம் முன்பே, தள்ளி ஓரிடத்தில், அதன் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். பூனை வயிறு சிறியது. நாளின் தீனியை மூன்று நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். தட்டிலிருந்து எதுவும் கூடாது, பிள்ளைகள் கையாலும். முதல் சில நாள் கத்தல் முன்னைவிடக் கூடும். பலர் தோற்பது அங்கேதான். ஐந்தாம் நாள் மனம் இளகினால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்றே அது கற்கும். அடிக்கவும் வேண்டாம், பயம்தான் மிஞ்சும்.

குழம்புச் சோறு ஆகவே ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பால்சோறு மட்டும் போதாது. மீனிலும் கறியிலும் உள்ள டாரின் சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் நல்லது.

நன்றாகத் தின்றும் இளைத்து, ஓயாமல் கத்துகிறதா? குடற்புழுவோ சர்க்கரையோ, வயதான பூனைக்குத் தைராய்டோ இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

- வாசகர், பாலக்கோடு