பாம்பாற்றங்கரை நிலம் வேண்டாம், கண்ணு

உடுமலைப்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, காலையில் கோயில்வரை நடந்து போய் வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது நான் சரியாகப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சு வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரளத்து மறையூரில் பாம்பாற்றங்கரையில் காட்டேஜ் கட்டுவதற்காக நம் தோப்பை அடமானம் வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். தோப்பு உனக்குத்தான், அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் இந்தக் காரியத்துக்கு என்னால் முடியாது.

மாப்பிள்ளை அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டுத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். எட்டு காட்டேஜ், நடுவில் நீச்சல் குளம், கரையோரமாக நடைபாதை. அறையிலிருந்து ஆறு தெரிய வேண்டுமென்று கரையிலுள்ள மரங்களில் பாதியைக் காணோம். மிச்சம் நிற்கிற மரங்களில் விளக்குச் சரம் சுற்றியிருக்கிறது. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் 22 வருடம் உடுமலை - மூணாறு தடத்தில் பஸ் ஓட்டியவன். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி சின்னார் வழியாக மறையூர் ஏறும் அந்த ரோட்டில் எந்த வளைவில் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சின்னார் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது கண்டக்டர் கையெழுத்துப் போடப் போவார், நான் இறங்கிப் பாலத்துப் பக்கம் நிற்பேன். அங்கே வனத்துறை வாட்சராக இருந்தவர் முதுவர் என்ற மலைவாழ் மக்களின் குடியைச் சேர்ந்தவர். ஒருநாள் என் தோளைத் தொட்டு, "அண்ணே, மேலே பாருங்க" என்றார்.

ஒரு நீர்மருது மரம். அதன் கிளையும் பக்கத்து மரத்தின் கிளையும் பின்னிக்கொண்டிருந்த இடத்தில், காக்கைக் கூட்டைவிடப் பெரிதாக, இலையும் குச்சியும் வைத்துக் கட்டிய ஒரு உருண்டை. அதிலிருந்து சாம்பல் நிற வால் ஒன்று தொங்கியது. உடம்பு எவ்வளவு நீளமோ வாலும் அவ்வளவு நீளம். சாம்பல் அணில். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, பின்காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஒரு காயை இரண்டு கையாலும் உருட்டி உருட்டித் தின்றது. தின்று முடித்துக் கிளைக்குக் கிளை தாவி ஆற்றோரமாகவே போய்விட்டது. தரைக்கு வரவேயில்லை.

வாட்சர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. இந்த அணில் கூடு கட்ட ஒரு மரம் போதாது, நாலு மரத்தின் தலை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் பருந்து வந்தாலும் பாம்பு ஏறினாலும் தப்பிக்க வழி இருக்கும் என்றார். சின்னார் மழை மறைவுப் பகுதி. மூணாறில் கொட்டுகிற மழை இங்கே எட்டிப் பார்ப்பதில்லை, ஐப்பசி கார்த்திகையில் வருவதுதான் பெரும்பாலும். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுதான். அதனால் மலைச்சரிவு முழுக்க முள்ளும் புதருமாகத்தான் இருக்கும். உயரமான, பச்சையான, தலை தொட்டு நிற்கிற மரங்கள் ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரு நாடா போல ஓடுகின்றன. அந்த நாடாதான் அணிலுக்கு வீடு, ரோடு, சாப்பாடு எல்லாம். இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே 1988இல் சரணாலயம் வைத்தார்கள். கேரளத்துப் பக்கம் இதற்குச் சின்னார்தான் இடம்.

இப்போது மாப்பிள்ளையின் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். அதில் காணாமல் போன மரங்கள் எவை?

நிலம் சரணாலய எல்லைக்கு வெளியே, சுத்தமான பட்டா என்று மாப்பிள்ளை சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கட்டும். சின்னார் சரணாலயமே மொத்தம் 90 சதுர கிலோமீட்டர்தான். 1984இல் அறிவித்தார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் யானை, காட்டு மாடு, கடமான், நட்சத்திர ஆமை, ஆற்றில் முதலை, இருநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் என்று இத்தனையும் பிழைக்கின்றன. அதற்குக் காரணம், சுற்றிலும் இரவிகுளம், ஆனைமலை என்று காடு தொடர்ந்து கிடப்பதுதான். ஓரத்தில் நீ வெட்டினாலும் நடுவில் வெட்டியது போலத்தான்.

தண்ணீரையும் யோசி. கோடையில் பாம்பாறு பாறைகளுக்கு நடுவே ஓடும் ஒரு கயிறு மாதிரி ஆகிவிடும். மேலே கரும்புக்கும் எடுக்கிறார்கள், ஊருக்கும் எடுக்கிறார்கள். அதில் எட்டு காட்டேஜுக்கும் ஒரு குளத்துக்கும் மோட்டார் வைத்தால் கீழே என்ன போகும்? கேரளத்தில் கிழக்கே பார்த்து ஓடுகிற ஆறுகள் மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறும் சின்னாறும் கூட்டாற்றில் சேர்ந்துதான் நம் அமராவதியாக வருகிறது. அணையில் தேங்கி, வாய்க்காலில் வந்து, நம் தோப்புக்குப் பாய்கிறதே, அது அந்தத் தண்ணீர்தான் கண்ணு. உன் படிப்புக்குப் பணம் கட்டியது அந்தத் தோப்புத் தேங்காய். அதையே அடகு வைத்து அந்த ஆற்றின் தலையில் மோட்டார் போடச் சொன்னால் எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த விளக்குகள். நான் கடைசி நடை பஸ்ஸை எடுத்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் இறங்கி வருவேன். கோடையில் யானைகள் அணைத் தண்ணீருக்குப் போக ரோட்டைக் கடக்கும். ஒரு தடவை ஆறு யானை, நடுவில் குட்டி. நான் இன்ஜினை அணைத்து, ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டேன். பஸ்ஸில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பெரிய யானை ரோட்டின் நடுவில் எங்களைப் பார்த்து நின்றுகொண்டது, மற்றவை அதன் பின்னால் கடந்தன. எல்லாம் முடியப் போகும்போது எனக்குப் பின்னால் வந்த கார் ஒன்று முன்னே ஏறி, முழு வெளிச்சத்தைப் போட்டு, ஹாரனும் அடித்தது. ஆளுக்கொரு போனோடு ஜன்னலில் தொங்கினார்கள். குட்டி பயந்து கூட்டத்தைவிட்டு வந்த பக்கமே ஓடிவிட்டது. பெரிய யானை பிளிறிய சத்தத்தில் என் கையிலிருந்த ஸ்டியரிங் அதிர்ந்தது. அதன்பிறகு குட்டியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு அவை கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீருக்குப் போகிற வழியில் ஒரு தாய்க்கு அந்த முக்கால் மணி நேரம் என்ன பாடு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

காட்டை யாரும் வந்து பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்காதவன் எப்படிக் காப்பாற்றுவான்? சரணாலயத்துக்குள் பதினொரு குடிகள் இருக்கின்றன, முதுவரும் மலைப்புலையரும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஆலாம்பட்டியிலிருந்து தூவானம் அருவிக்குக் கூட்டிப்போகிறார்கள், முனியறை என்கிற பெருங்கற்காலக் கல்லறைகளைக் காட்டுகிறார்கள். நீ கொடுக்கிற கட்டணத்திலிருந்து அவர்களுக்குக் கூலி போகிறது. எங்கே நிற்க வேண்டும், எப்போது பேசக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த காட்டேஜ் மேனேஜருக்கும் தெரியாது. நாற்பது பேரை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டு அருவியைக் காட்டுவதைவிட, நாலு பேரை நடத்திக் கூட்டிப்போவதில் அந்தக் குடிகளுக்கும் வருமானம், காட்டுக்கும் தொந்தரவில்லை.

மாப்பிள்ளைக்கு அந்த ஊர்மேல் ஆசை இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. நல்ல ஆசைதான். மறையூர் பஜாரிலேயே வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்க வைக்கலாம். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் கலப்படச் சரக்கு அந்தப் பெயரில் விற்கிறது என்று ஆலைக்காரர்கள் புலம்புகிறார்கள். நல்ல வெல்லத்தை நேராக எடுத்து உங்கள் ஊரில் விற்க மாப்பிள்ளைக்கு முடியாதா? அதற்கு முதல் வேண்டுமென்றால் என் சேமிப்பில் இரண்டு லட்சம் இருக்கிறது, வட்டி வேண்டாம். இது வெறும் வார்த்தை இல்லை, பாஸ்புக்கை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு பேரும் ஒருமுறை வாருங்கள். கார் வேண்டாம், காலை பஸ்ஸில் போவோம். நான் ஓட்டிய தடம்தான், இப்போது ஓட்டுகிற தம்பிகளும் தெரிந்தவர்கள்தான். செக்போஸ்ட் பாலத்தில் இறங்கி அந்த நீர்மருதைக் காட்டுகிறேன். போன மாதம் போனபோதும் கூடு இருந்தது. அணில் வெளியே வர நேரமாகும், அதனால் அம்மாவை இட்லி கட்டித்தரச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையை அந்தப் படத்தையும் கையோடு எடுத்துவரச் சொல். அந்த மரத்தடியில் வைத்தே அவரோடு பேசுகிறேன்.

எந்த வாரம் வருகிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா