அந்தக் காலத்திலும் கேட்டவர்கள் இருந்தார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்தபிறகு ரொம்ப நேரம் மாடியில் நடந்துகொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பி முடிக்கிற விஷயமில்லை இது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

நீ கேட்டது சின்னக் கேள்வி. அடுத்த மாதம் லீட்ஸில் உங்கள் குழு வாசிக்கப்போகும் பாட்டுகளில் சூசி அண்ட் த பான்ஷீஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஹாங்காங் கார்டன்' இருக்கலாமா, வேண்டாமா. என் கேசட்டிலிருந்து நீ பிடித்துக்கொண்ட, சீனர்களைப் பற்றிய பாட்டு அது. பத்து வயதில் அந்த ஆரம்ப சைலோபோன் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணி அந்த இடத்தில் டேப்பே தேய்ந்துபோனது. உங்கள் டிரம்மர் பெண்ணின் தாத்தா பாட்டி சீனாவிலிருந்து வந்தவர்கள், பாட்டின் பெயரைச் சொன்னதும் அவள் ஒன்றும் பேசாமல் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று சொன்னாய். நான் யோசிக்காமல், "அந்தக் காலத்துப் பாட்டும்மா, அப்போ எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க, விடு" என்றேன். "அந்தக் காலத்திலயும் சீனாக்காரங்க இருந்தாங்கதானேப்பா" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய்.

நீ சொன்னதுதான் சரி. அது எனக்கு 1990-லேயே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதை என் கண்முன்னால் ஒருவன் செய்து காட்டினான். இதுவரை உன்னிடமோ அம்மாவிடமோ சொல்லாத கதை.

எங்கள் ஹாஸ்டலில் நாகாலாந்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். சர்ச்சில் பாடிப் பழகிய குரல், கிட்டார் அவன் கையில் ஒட்டிக்கொண்டே பிறந்த மாதிரி. நாங்கள் ராக் கேட்டதே பாதி அவனால்தான். ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிவுசெய்த கேசட்டுகளை நாங்கள் வாங்கி வருவோம், அவன் இரண்டு தடவை கேட்டுவிட்டு வாசித்துவிடுவான். பாட்டு வரிகள் எங்களுக்குப் பாதிகூடப் புரியாது. காதில் விழுந்த ஒலியைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு அப்படியே பாடுவோம். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். அவனை நாங்கள் 'சிங்கி' என்று கூப்பிட்டோம், வடகிழக்குக்காரர்களின் முகத்தைக் கேலி செய்யும் சொல் அது. நானும்தான். பாசமாகக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவனைக் கேட்கவில்லை.

கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஒன் இன் எ மில்லியன்' 1988-இல் வந்த பாட்டு, எங்களுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கிட்டார் ஒன்று இருந்தால் போதும், மொட்டை மாடியில் சேர்ந்து பாடுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஒரு நாள் கரண்ட் போன ராத்திரி எல்லோரும் மாடியில் இருந்தபோது அதை வாசிக்கச் சொன்னோம். அவன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, இதை நான் வாசிக்கமாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டோம். வரி வரியாகச் சொன்னான். கறுப்பர்களை என்ன சொல்லித் திட்டுகிறான், ஒருபால் காதலர்களை என்ன சொல்கிறான், பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்களை எங்கள் நாட்டுக்கு வந்து என்ன ஆட்டம் போடுகிறீர்கள் என்று எப்படிக் கேட்கிறான், எல்லாம் சொன்னான். அப்புறம், "நீங்க என்னைக் கூப்பிடுறீங்களே, அதே மாதிரிதான்" என்றான்.

நாங்கள் சிரித்தோம், பாப்பா. வேறொருவன் கிட்டாரை எடுத்துத் தப்பும் தவறுமாக வாசித்தான், நாங்கள் பாடினோம், அவன் எழுந்து படியிறங்கிப் போய்விட்டான். அதற்கப்புறம் நான் அவனை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை, ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை. இங்கே ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது அவர் மேல் என்ன செய்யும் என்று தெரிந்த ஊரில் வளர்ந்தவன் நான், அது தெரிந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பாட்டு வந்த நாட்டிலும் இதேதான் நடந்தது. 1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் வாசிக்க இரண்டு குழுக்கள் வந்தன. ஒன்று கன்ஸ் அண்ட் ரோஸஸ், இன்னொன்று லிவிங் கலர், நாலு பேரும் கறுப்பர்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் தன் பாட்டை மேடையிலேயே நியாயப்படுத்தினார். லிவிங் கலரின் கிட்டார்காரர் வெர்னன் ரீட், கறுப்பர்கள் மேல் உங்களுக்கு வெறுப்பு இல்லையென்றால் அவர்களை அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள் என்று அதே மேடையில் பதில் சொன்னார். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால். மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்பு கேட்பதாக அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் அட்டையிலேயே அச்சடித்துத்தான் வெளியிட்டிருந்தார்கள், அப்படியென்றால் புண்படும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. கன்ஸ் அண்ட் ரோஸஸின் கிட்டார்காரர் ஸ்லாஷின் அம்மாவே கறுப்பினத்தவர். 2018-இல் அவர்கள் பழைய பாட்டுகளைத் தொகுத்துப் பெரிய பெட்டியாக வெளியிட்டபோது இந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். முப்பது வருடத்தில் காலம் மாறிவிட்டது என்று இதைச் சொல்கிறார்கள். என் ஹாஸ்டல் நண்பன் 1990-லேயே சொல்லிவிட்டான்.

அதனால் 'அந்தக் காலம் அப்படி' என்று இனி நான் சொல்லமாட்டேன். யாருடைய காலம் அப்படி? அடி வாங்கியவர்களுக்கும் அதே காலம்தானே. எனக்கு எரிக் கிளாப்டன் எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். பாப் மார்லியின் பாட்டைப் பாடி 1974-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர், இரண்டே வருடத்தில் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் நின்றுகொண்டு வெளிநாட்டுக்காரர்கள் வெளியே போகவேண்டும் என்றும் குடியேறிகளை எதிர்த்த அரசியல்வாதி ஈனக் பவல் சொல்வதுதான் சரி என்றும் பேசினார். கேட்டுக்கொண்டு எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. அதே வருடம் அதற்குப் பதிலாகத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலமாகப் போனார்கள், அங்கே த கிளாஷ் வாசித்தது, ஸ்டீல் பல்ஸ் வாசித்தது, டாம் ராபின்சன் பாடினார். பங்க் ராக் என்றாலே வசை என்கிறவர்களுக்கு இதைச் சொல்லு.

நம்மைப் பற்றிய பாட்டையே எடுத்துக்கொள். 1988-இல் ஆங்கிலப் பாடகர் மாரிசியின் முதல் தனி ஆல்பத்தில் ஒரு வங்காளி இளைஞனைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. உன் மேற்கத்திய ஆசைகளை மூட்டை கட்டு, இந்த ஊருக்கு உரியவனாக இருந்தாலே வாழ்க்கை கஷ்டம் என்று அவனுக்குப் புத்தி சொல்கிற பாட்டு. அதை இரக்கம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு இரக்கமாகத் தெரியவில்லை, நீ லீட்ஸுக்குப் போனபிறகு இன்னும் தெரியவில்லை. 1992-இல் கார்னர்ஷாப் என்ற குழு லண்டனில் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வெளியே நின்று மாரிசியின் படத்தைக் கொளுத்தியது. பஞ்சாபி வீட்டுப் பிள்ளை தஜிந்தர் சிங்கும் நண்பர்களும் தொடங்கிய குழு. ஆசியர்கள் என்றாலே பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள் என்ற கேலியை எடுத்துத் தங்களுக்கே பெயராக வைத்துக்கொண்டவர்கள்.

சரி, அப்படியானால் கெட்ட வார்த்தை இருக்கிற எல்லாப் பாட்டையும் தூக்கிப் போடுவதா என்றால், இல்லை. அதிலும் எனக்குப் பிடிவாதம் இருக்கிறது. சொல் ஒன்றாகவே இருந்தாலும் அது யார் வாயிலிருந்து யார் மேல் விழுகிறது என்று பார்க்கவேண்டும். ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் 'ஆலிவர்ஸ் ஆர்மி' 1979-இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கையில் துப்பாக்கியோடு நின்ற சின்னப் பையன்களைப் பார்த்து எழுதியது, ஏழை வீட்டுப் பிள்ளைகளை ராணுவத்தில் சேர்த்துப் பேரரசுக்காகச் சாகவிடுவதைப் பற்றியது. அதில் கறுப்பர்களைத் திட்டும் அந்தச் சொல் வருகிறது, ஆனால் ஐரிஷ்காரர்களை ஆங்கிலேயர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று காட்ட வருகிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் தன் தாத்தாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்கிறார் அவர். வானொலிக்காரர்கள் அந்த இடத்தில் 'பீப்' போட ஆரம்பித்தபோது, அது இன்னும் மோசம் என்று 2022-இல் சொல்லி, இனி நானும் பாடமாட்டேன், நீங்களும் போடவேண்டாம் என்றுவிட்டார். பாட்டை அவர் மறுக்கவில்லை. அந்த ஒரு சொல் காதில் மணியடித்த மாதிரி விழுந்ததும் மற்றதெல்லாம் கேட்காமல் போகிறது என்றுதான் நிறுத்தினார். அதைப் படித்தபிறகு அவர் மேல் மரியாதை கூடியது எனக்கு.

போக்ஸ் என்ற குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டும் அந்த வகைதான். குடித்துக் கெட்டுப்போன இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள், அதில் ஒருபால் காதலர்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் வருகிறது, அந்தப் பெண் பாத்திரம் அப்படித்தான் பேசுவாள் என்றார் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஷேன் மெக்கோவன். ஆனால் அந்தப் பெண்ணின் வரிகளைப் பாடிய கிர்ஸ்டி மெக்கால் 1992-இல் டிவியில் பாடியபோது அந்தச் சொல்லைத் தானே மாற்றிப் பாடினார், பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'பிரவுன் ஷுகர்' வேண்டாம் என்கிற விஷயத்தில் நான் உன் பக்கம். அடிமைக் கப்பல், நியூ ஆர்லியன்ஸ் சந்தை, நள்ளிரவில் பெண்களைச் சவுக்கால் அடிக்கும் முதலாளி, இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆடத் தூண்டும் ஒரு கிட்டார். 1971-இல் அமெரிக்காவில் முதலிடம். 2021 சுற்றுப்பயணத்தில் அதை வாசிக்காமல் விட்டபோது, அடிமைமுறையின் கொடூரத்தைப் பற்றிய பாட்டு இது என்று புரியவில்லையா என்று கீத் ரிச்சர்ட்ஸ் கேட்டார். கொடூரம் பாட்டில் எங்கே இருக்கிறது? அந்தப் பெண்கள் எப்படி ருசிக்கிறார்கள் என்பதுதான் பல்லவியே. மிக் ஜாகர் 1995-லேயே, இப்போதாக இருந்தால் இப்படி ஒரு பாட்டை எழுதமாட்டேன் என்று பேட்டியில் சொல்லிவிட்டார். அந்த கிட்டாரைக் கேட்டால் என் கால் இன்றும் தாளம் போடுகிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் உன் தோழிகள் இருக்கும் அறையில் அதைப் போடமாட்டேன்.

இப்போது உன் பாட்டுக்கு வருகிறேன். தென்கிழக்கு லண்டனின் சிஸில்ஹர்ஸ்டில் இருந்த ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் பெயர்தான் ஹாங்காங் கார்டன். மொட்டைத்தலைப் பையன்கள் கூட்டமாக வந்து அங்கே வேலை செய்பவர்களைத் தொல்லை செய்வதைப் பார்த்துக் கொதித்துப்போய், அவர்களுக்கு மரியாதை செய்யத்தான் அந்தப் பாட்டு என்று பாடகி சூசி சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன். ஆனால் நேற்று ராத்திரி வரிகளைத் தாளில் எழுதிவைத்துப் படித்துப் பார்த்தேன், முப்பது வருடத்தில் முதல் தடவையாக. கண்ணின் சாய்வு, குள்ளமான உடம்பு, மகளை விற்கிற வழக்கம், கடையில் கொடுக்கிற காசுகூட ஜப்பான் யென். அந்தத் தடியன்கள் ஒரு வரியில்கூட வரவில்லை. கோபம் பேட்டியில்தான் இருக்கிறது, பாட்டுக்குள் இல்லை. பேட்டியைப் படிக்காமல் கேட்கிறவளுக்கு, அதுவும் பள்ளிக்கூடத்தில் கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்தவர்களைப் பார்த்து வளர்ந்திருக்கக்கூடிய உன் தோழிக்கு, அந்த வரிகள் மட்டும்தான் கிடைக்கும்.

நீ வீட்டில் கேள், எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் கேட்பேன். ஆனால் மேடையில் வாசிப்பது வேறு. அங்கே அவள் தன் கையால் தாளம் போடவேண்டும். முதலில் அவளைத் தனியாகப் பார்த்துக் கேள். அவள் வேண்டாம் என்றால் காரணம் சொல்லச் சொல்லாதே, கிட்டாரைக் கீழே வைத்த அவனிடம் நாங்கள் அதைத்தான் கேட்டோம். அவள் பரவாயில்லை என்று சொன்னாலும், உங்களுக்காகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார். ஒருவேளை அவளுக்கே பாடவேண்டும் என்று ஆசை இருக்கலாம், சொல்லை மாற்றிப் பாடலாம், அதுவும் நடக்கும், அது அவள் சொல்லவேண்டியது.

இன்னொன்று. காலையில் எங்கள் வகுப்பு குரூப்பில் கேட்டு அந்த நாகாலாந்து நண்பனின் நம்பரை வாங்கினேன். மாடியில் நடந்ததை எழுதி, மன்னித்துக்கொள் என்று அனுப்பினேன். மத்தியானம் வரை பதில் இல்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது, "ஞாபகம் இருக்கு" என்று. தமிழில் சொல்லியிருந்தான், எங்களோடு நாலு வருடம் இருந்து கற்றுக்கொண்ட தமிழ். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

உங்களுக்கு அதே குழுவின் பாட்டுதான் வேண்டுமென்றால் 1981-இல் வந்த 'ஸ்பெல்பவுண்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஜி அதில் டிரம்ஸை அடித்து நொறுக்கியிருப்பார், உன் தோழிக்குக் கை அரிக்கும். உன் பாஸ் பகுதி கொஞ்சம் கஷ்டம், இப்போதே உட்கார். அந்த கேசட்டைத் துணிக்கு நடுவில் சுற்றி அம்மா அனுப்பும் பார்சலில் வைத்திருக்கிறேன், பி பக்கத்தில் இரண்டாவது பாட்டு.

அன்புடன்,
அப்பா