சேற்று வண்டி விஷயமாகத் தாயிக்கு

தாயி,

போனில் பேசினால் உங்க அம்மா நடுவில் புகுந்து மாப்பிள்ளை சாப்பிட்டாரா, பேரனுக்குச் சளி விட்டதா, அங்கே பனி நின்றதா என்று கேட்டே அரை மணி நேரம் ஓடிவிடுகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படி. நீங்கள் வாங்கப் பார்க்கிற ஏடிவி, அதுதான் சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி, அதற்காக நீ அனுப்பிய படங்களையும் மேனுவல்களையும் பட்டறையில் உட்கார்ந்து மூன்று நாளாகப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டுகிற படம் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் விளங்கும். மாப்பிள்ளைக்கு கேன்-ஆம் கம்பெனியின் 1000 சிசி வண்டி மேல் ஆசை, உனக்கு அதைப் பார்த்தால் பயம், எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டு நடுவில் என்னை நாட்டாமை ஆக்கிவிட்டாய். சரி, சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் அப்படியே காட்டாதே, பக்குவமாகச் சொல்லு.

முதலில் அந்த 1000-த்தைப் பற்றிப் பேசிவிடலாம். ஆயிரம் சிசி பக்கம், ரெண்டு சிலிண்டர், 90 குதிரைத் திறனுக்கு மேல் வருகிறது. நம்ம மேலூர்ப் பக்கம் நான் இத்தனை வருஷம் பழுது பார்த்த மகிந்திரா 575 டிராக்டருக்கு 50 குதிரைத் திறன்கூடக் கிடையாது, எடை மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு டன். அதில் கால்வாசி எடைகூட இல்லாத வண்டியில் அதைப் போல ரெண்டு மடங்கு பலத்தை வைத்திருக்கிறார்கள். நல்ல எஞ்சின்தான், குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உங்களுக்கு என்ன வேலை? வேலியைச் சுற்றி வர வேண்டும், விறகு இழுக்க வேண்டும், சனி ஞாயிறு காட்டுப் பாதையில் போக வேண்டும். இதற்கு 90 எதற்கு?

சேறு என்றால் எல்லாம் ஒரே சேறு இல்லை என்பது உனக்கே தெரியும். மேலூர்ச் செம்மண் மழையில் வழுக்கும், திருமங்கலம் தாண்டினால் கரிசல், அது சக்கரத்தில் அப்பிக்கொண்டு கூடவே வரும். உங்க கனடாவில் எட்மண்டன் பக்கம் மஸ்கெக் என்று ஒரு சதுப்பு இருக்கிறதாமே, மேலே பாசியும் புல்லும், கீழே மக்கிப் போன பாசியும் தண்ணீரும். அது நம்ம கண்மாய் உள்வாயில் தண்ணீர் வற்றின புதிதில் இருக்கிற உளை மாதிரி, மேலே பொருக்காகக் காய்ந்திருக்கும், மாடு கால் வைத்தால் வயிறு வரை போகும். அந்த இடத்தில் பலம் உதவாது. பலம் கூடக் கூடச் சக்கரம் நின்ற இடத்திலேயே குழி தோண்டும், அவ்வளவுதான். தொளி உழவுக்கு நாம் டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுவது எதற்கு, எடையைப் பரப்பத்தானே. இந்த வண்டியில் அந்த வேலையை டயர் செய்கிறது. காற்று 5, 6 பிஎஸ்ஐதான் வைப்பார்களாம், சைக்கிள் டியூப்பில் அடிக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கூடுதலாக ஒரு சிலிண்டருக்குக் கொடுக்கிற காசில் நல்ல டயர் நாலு வாங்கலாம், இதை மட்டும் மாப்பிள்ளையிடம் சத்தமாகவே சொல்லு.

அடுத்து பெல்ட். நீ கேட்ட நம்பகத்தன்மைக்கு என் பதிலில் முக்கால்வாசி இதுதான்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானதில் கியர்பெட்டி நம்ம கியர் இல்லாத ஸ்கூட்டரில் உள்ளதுதான், ரெண்டு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். போன வருஷம் ஐப்பசி மழையில் மணிநகரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிப் போ என்று நான் படித்துப் படித்துச் சொல்லியும் உங்க அம்மா ஸ்கூட்டரை உள்ளே விட்டாள். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட் நனைந்து புல்லியில் வழுக்குகிறது, அவள் இன்னும் ஆக்சிலேட்டரைத் திருகுகிறாள், ரப்பர் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. உங்க வண்டியிலும் இதே கதைதான் நடக்கும், ஆனால் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, கரடி திரிகிற காட்டில். அந்த பெல்ட் மூடிக்குக் காற்று வரவும் போகவும் குழாய்கள் உண்டு, அந்த வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார், மூடிக்கு அடியில் தண்ணீர் வடிக்க ஒரு அடைப்பு இருக்கும், அதைக் கையால் கழற்ற முடிகிறதா என்றும் பார். நனைந்துவிட்டால் பதறாமல் தண்ணீரை வடித்துவிட்டு, நியூட்ரலில் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட விட்டால் பெல்ட் சுற்றிக் காய்ந்துவிடும். கனமாக இழுக்கும்போதும் சேற்றிலும் எப்போதும் லோ கியர்தான். ஹை கியரில் போட்டு முக்கினால் பெல்ட் ஒரே நாளில் தீர்ந்துபோகும், அப்புறம் கம்பெனியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மனசுக்குப் பிடித்தது யமஹா கிரிஸ்லி 700. 686 சிசி, ஒரே சிலிண்டர். மற்ற பல வண்டிகளில் வேகம் ஏற ஏறத்தான் புல்லி பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும், நிற்கும்போது பெல்ட் தளர்ந்து கிடக்கும், கிளம்புகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரசும். யமஹாக்காரன் பெல்ட்டை எப்போதும் இறுக்கத்திலேயே வைத்துவிட்டு, கிளம்புவதற்கு எண்ணெயில் ஓடுகிற கிளட்ச் ஒன்றைத் தனியாகக் கொடுத்திருக்கிறான். கூடவே ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற கிளட்ச் இன்னொன்று, அதனால் இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். படத்தைப் பார்த்ததுமே இதை வரைந்தவன் சேற்றில் நின்று பார்த்தவன் என்று தோன்றியது. 2007-ல் வந்த வண்டி, இன்னும் அதே எலும்பில்தான் ஓடுகிறது. ஒரு எஞ்சின் இத்தனை வருஷம் அதிகம் மாறாமல் விற்கிறது என்றால் பாகம் கிடைக்கும், அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்கும் கிடைப்பான்.

பெல்ட்டே வேண்டாம் என்றால் ஹோண்டா. அதன் ரிங்கன் மாடலில் 675 சிசி, கார் மாதிரி டார்க் கன்வெர்ட்டர் வைத்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக், நனைந்து வழுக்க ஒன்றுமே இல்லை. ஆனால் லோ கியர் கிடையாது, அங்கேதான் எனக்கு இடிக்கிறது, மரம் இழுக்கிறவளுக்கு லோ கியர் இல்லாமல் எப்படி? ஹோண்டாவின் இன்னொரு மாடல் ரூபிக்கன், அதன் ஆட்டோமேட்டிக்கில் கியரும் உண்டு, லோவும் உண்டு, எஞ்சின்தான் 518 சிசி. மாப்பிள்ளை அதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார். என்னைக் கேட்டால் அதுவே போதும், ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்.

சுசுகி கிங்க்வாட் 750-ஐயும் தள்ளாதே. பெயர்தான் 750, உள்ளே 722 சிசி, அதுவும் ஒற்றை சிலிண்டர். அதில் பின் பிரேக் மூடின பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கி ஓடுகிறது, நம்ம புது டிராக்டரில் ஆயில் பிரேக் என்கிறோமே அதேதான். சேற்று மண்ணில் வெளியே இருக்கிற டிஸ்க்கும் பேடும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேயும். கவாசாகி புரூட் போர்ஸ் 750-லும் இதே மாதிரி பின் பிரேக்தான், ஆனால் அது ரெட்டை சிலிண்டர். போலாரிஸ் கம்பெனி வண்டி உட்கார்ந்து போக சுகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் உட்கார்ந்து பார்க்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

முன் சக்கரம் லாக் ஆகிற விதத்தையும் பார். கிரிஸ்லியில் பட்டனை அழுத்தினால் ரெண்டு முன் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், டிராக்டரில் காலால் மிதிக்கிற டிப் லாக் மாதிரி. கேன்-ஆமில் சக்கரம் வழுக்கினால் அதுவே பார்த்துப் பூட்டும். எனக்கு நானே பூட்டுவதுதான் பிடிக்கும், சேற்றில் இறங்குவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம், மாட்டிக்கொண்ட பிறகு பூட்டி என்ன செய்ய. ஆனால் லாக் போட்டுக்கொண்டு வளைக்க முடியாது, ஹேண்டில் கல்லாக இருக்கும், அதனால் பவர் ஸ்டியரிங் உள்ளதையே வாங்கு, காசு பார்க்காதே, உன் தோள்பட்டை முக்கியம்.

இனி தண்ணீர். தாயி, இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். நீ நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, கலுங்கு வழிகிற நேரத்தில் ஒரு டிராக்டர் கண்மாய் ஓடையில் இறங்கி அணைந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்துக் கரையில் நிறுத்தினதும், ஓனர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறார் என்று நான் ஒன்றையும் பார்க்காமல் ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டேன். டக் என்று ஒரு சத்தம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தது, காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. மூன்று மாதச் சம்பாத்தியம் என் கையை விட்டுப் போனது. அதனால் உங்க வண்டி தண்ணீரில் அணைந்தால் மாப்பிள்ளை கை ஸ்டார்ட்டர் பட்டன் பக்கம் போகவே கூடாது. வெளியே இழுங்கள், ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதற்குப் பிறகு சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் பால் டீ நிறத்தில் இருந்தால் அந்த ஆயிலோடு ஒரு அடிகூட ஓட்ட வேண்டாம்.

ஆழம் எவ்வளவு என்று கேட்டாயே, கால் வைக்கிற தட்டு மட்டம்தான் உச்சம் என்று வைத்துக்கொள், மேனுவல் அதைவிடக் குறைத்துச் சொன்னால் மேனுவல் பேச்சைக் கேள். அந்தப் பலூன் டயர் மிதக்கும், மிதந்தால் பிடிமானம் போய் வண்டி சாய்ந்துவிடும். ஸ்நார்க்கல் வைத்தால் கழுத்தளவு போகலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள், மூச்சுக்குழாயை மேலே ஏற்றினால் எஞ்சின் மூச்சு விடும், சரி, ஆனால் வீல் பேரிங்கும் சீலும் தண்ணீருக்குள்ளேதானே கிடக்கின்றன. சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற கிரவுன் பெட்டி சூடாக ஓடிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கும், அதன் மூச்சுக்குழாய் தாழ இருந்தால் இழுப்பது தண்ணீராகத்தான் இருக்கும். ஆழமாக இறங்கின ஒவ்வொரு முறையும் கிரவுன் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லு. அதோடு, உங்க மாகாணத்தில் அரசு நிலத்து ஓடைப் படுகையில் வண்டியை இறக்குவதே சட்டப்படி தப்பாம், மீன் முட்டையிடுகிற இடம் என்று. அது நல்ல சட்டம், நம்ம வைகைக்கும் அப்படி ஒன்று இருந்து யாராவது மதித்திருந்தால் தேவலை.

சேற்றில் போய்விட்டு வந்தால் ரேடியேட்டரைப் பார். சேறு காய்ந்து செங்கல்லாகிவிட்டால் பேன் சுற்றியும் பிரயோசனம் இல்லை, எஞ்சின் கொதிக்கும். கேன்-ஆமில் எக்ஸ் எம்ஆர் என்று சேற்றுக்கென்றே ஒரு மாடல், அதில் ரேடியேட்டரை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள், மெச்சத்தான் வேண்டும். கழுவும்போது தண்ணீரை மெதுவாக, பின்பக்கமிருந்து விடு, பிரஷர் பம்ப்பைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த மெல்லிய தகடெல்லாம் மடங்கிப்போகும்.

பழைய வண்டி கிடைத்தால் வாங்கலாமா என்கிறாய். வாங்கலாம், ஆனால் மேலே பளபளப்பாக இருப்பதைப் பார்க்காதே, குனிந்து அடியில் பார். ஸ்நார்க்கலும் உயர்த்தின சஸ்பென்ஷனும் பெரிய டயரும் மாட்டியிருந்தால் அந்த வண்டி எங்கே வாழ்ந்தது என்று தெரிந்துவிடும், அதை விட்டு விலகு. ஆக்சில் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா, ஏர் பில்டருக்கு அந்தப் பக்கம் விரலை விட்டால் மண் ஒட்டுகிறதா. அந்த மண் இருந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்தாகிவிட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டர் காட்டுவது கணக்கே இல்லை. போவதற்கு முன்னால் போன் பண்ணி, எஞ்சினைச் சூடு பண்ணி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போ. தொட்டுப் பார்த்து எஞ்சின் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறான்.

எந்த வண்டி என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால், உங்க வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கம்பெனி டீலர் இருக்கிறான், அவன் கடையில் பெல்ட்டும் சீலும் அலமாரியில் இருக்கிறதா, ஆர்டர் போட்டு வர வேண்டுமா என்று கேள். நம்ம ஊரில் ஒருத்தர் விலை குறைவு என்று யாரும் வாங்காத ஒரு டிராக்டரை வாங்கினார், ஒரு சீலுக்காகப் பதினெட்டு நாள் காத்திருந்தோம், நாற்று முற்றிப் போய் மாட்டுக்குப் போட்டார். யமஹா டீலர் பக்கத்தில் இருந்தால் கிரிஸ்லி, சுசுகி டீலர் இருந்தால் கிங்க்வாட், ரெண்டும் இல்லாமல் கேன்-ஆம் கடை மட்டும்தான் உண்டு என்றால் மாப்பிள்ளை ஜெயித்தார், ஆனால் 1000 வேண்டாம், அதிலேயே சின்னது. மனசு கேட்கவில்லை என்றால், மாட்டிக்கொண்ட வண்டியைக் கம்பிக் கயிற்றில் இழுத்து எடுக்கிற வின்ச்சை அவர் இஷ்டத்துக்குப் பெரிசாக வாங்கிக்கொள்ளட்டும், அதில் நான் தலையிடவில்லை. மரத்தில் கம்பிக் கயிற்றை நேராகச் சுற்றாமல் அகலமான நாடா போட்டுக் கட்டச் சொல்லு, கயிறு இறுகும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

இந்த வகை வண்டி 1970-ல் ஹோண்டா மூன்று சக்கரத்தில் விட்டதுதான் ஆரம்பமாம், அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் செத்து, 1988-ல் அமெரிக்காவில் மூன்று சக்கரத்தை விற்பதையே நிறுத்தினார்கள். நாலு சக்கரம் ஆனாலும் 300 கிலோவுக்கு மேல் எடை மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று கண்மாய்க்கரையில் டிராக்டர் புரண்டதைப் பார்த்த எனக்குத் தெரியும். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே. ஒற்றை சீட் வண்டியில் ஒருத்தர்தான். பேரன் அழுதாலும் முன்னால் உட்கார வைத்து ஓட்டாதீர்கள், இதை மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

அம்மா கருவேப்பிலைப் பொடியும் சுண்டவத்தலும் பார்சல் போட்டிருக்கிறாள், ரெண்டு வாரத்தில் வந்துவிடும். வண்டி பார்க்கப் போகிற அன்றைக்கு எனக்கு வீடியோ கால் போடு, இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, போனை வண்டிக்கு அடியில் நீட்டி அந்த பெல்ட் மூடியை முதலில் காட்டு.

அப்பா